மாரியில் பரண், கோடையில் வேலி: வளவில் ஆடு வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த ஆடு வளர்ப்புக் கேள்விகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியுள்ளோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம்.

எங்களிடம் 20 பேர்ச் வளவு இருக்கிறது. வீட்டுப் பாலுக்கும், குட்டியை இறைச்சிக்கு விற்கவும் ஆடு வளர்க்க யோசனை. எத்தனை வாங்கலாம்? ஜமுனாபாரி நல்லதா, போயர் நல்லதா?
வாசகி, வவுணதீவு

எண்ணிக்கையை ஆவணி மாதத்து இலையை வைத்துத் தீர்மானியுங்கள். மாரி முடிந்த கையோடு எங்கு பார்த்தாலும் பச்சை நிற்கும். அதை நம்பி ஐந்தாறு ஆடு வாங்கினால், கச்சான் காற்று வீசி வீதியோரப் புல் கருகும்போது தீனிக்கு வழியில்லாமல் வந்த விலைக்குத் தள்ள வேண்டி வரும்.

30 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 4 கிலோ அளவில் பச்சைத் தீனி வேண்டும். அதில் பாதியை வேலியில் நிற்கும் கிளிசரியா தருவதாக வைத்துக்கொள்வோம். நன்றாக வேரோடிய மரம் ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ இலை தரும். அதே மரத்தை மறுபடி வெட்ட 60, 70 நாள் பொறுக்க வேண்டும். ஆகவே ஓர் ஆட்டுக்கு 60 முதல் 70 மரம். 20 பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் சுற்றளவு 295 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு தடி நட்டால், படலையும் வீட்டு முகப்பும் போக 180 மரம் வரை நிற்கும். கணக்கு மூன்று ஆட்டுக்குக் கிட்ட வருகிறது. கோடையில் இலை குறைவதையும் கழித்தால் இரண்டு. பால் தரும் மறி இரண்டும் அவற்றின் குட்டிகளும்தான் உங்கள் வளவுக்கு அளவு.

தடியை ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். 5, 6 அடி நீளம், முற்றிய தடி. எட்டு ஒன்பது மாதம் போகும் முன் முதல் வெட்டு வேண்டாம். பிஞ்சில் வெட்டிய மரம் அடுத்த கோடையைத் தாங்காது. ஆகவே வேலி இவ்வருடம், ஆடு அடுத்த வருடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் கஷ்டப்படுகிறார்கள்.

பழகாத ஆடு கிளிசரியாவை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வெட்டிய கொப்பை அரை நாள் நிழலில் வாடவிட்டு, பலா இலையோ பூவரசோ கலந்து கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கிழமையில் பழகும். இப்பில் இப்பில் இலை முழுத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சால் மயிர் கொட்டும், ஆடு மெலியும். கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும் காலத்தில் கொடியை எரிக்காமல் நிழலில் காயவைத்து அடுக்கினால் கோடைக்குப் பெரிய கைகொடுப்பு. பூஞ்சணம் பிடித்த கொடியை மட்டும் போடாதீர்கள்.

இனம் என்று பார்த்தால், உங்கள் இரு தேவைக்கும் நாட்டாட்டில் ஜமுனாபாரி கலந்த மறி பொருத்தம். நல்ல தீனியில் நாளுக்கு 1 லீற்றர் வரை எதிர்பார்க்கலாம். போயர் இறைச்சி இனம். பாலை அதன் குட்டியே குடித்து முடித்துவிடும். இன்னொன்று: முதல் ஈற்றில் உள்ள சிறிய நாட்டு மறியைப் போயர் கிடாயோடு சேர்க்காதீர்கள். குட்டி பெருத்து, ஈனமுடியாமல் தாயும் சேர்ந்து போகும். சானன் வெள்ளாடு பாலில் மிஞ்சியதுதான், ஆனால் நம் வெயில் அதற்கு ஒத்துவராது.

இரண்டு ஆட்டுக்காகக் கிடாய் வளர்க்க வேண்டாம். மறி வாலை ஆட்டி, ஓயாமல் கத்தி, பின்புறம் சிவந்து சளி வடிந்தால் வேட்கை. அது 24 முதல் 36 மணி நேரம் இருக்கும். காலையில் கண்டால் பின்னேரம் கிடாயிடம் கொண்டுபோங்கள். தவறினால் 18 முதல் 21 நாளில் மறுபடி வரும். சினைக்காலம் 150 நாள். ஆவணிக் கடைசியிலிருந்து சேர்த்தால் தைக் கடைசியிலிருந்து ஈனும். குட்டி அடைமழையில் நனையாது, தாய்க்கும் பச்சை கிடைக்கும். வைகாசி, ஆனியில் சேர்த்தால் ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் குட்டி விழும்.

ஒவ்வொரு மாதமும் எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து கொடுக்கிறோம். அப்படியிருந்தும் மார்கழி, தையில் ஆடு மெலிந்து, தாடைக்குக் கீழே வீங்கிச் சாகிறது. மருந்து போலியா?
வாசகர், கிரான்

மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் எல்லா ஆட்டுக்கும் கொடுத்ததே மருந்தை வேலை செய்யாமல் ஆக்கியிருக்கும். மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சி, அவையே பெருகிவிடுகின்றன.

நீங்கள் சொல்வது இரத்தம் குடிக்கும் இரைப்பைப் புழு. இரத்தத்தோடு புரதமும் போவதால் தாடைக்குக் கீழ் நீர் கோக்கிறது. மேய்ந்து வந்த பின்னேரத்தில் வீக்கம் பெரிதாகவும் காலையில் சிறிதாகவும் தெரியும். இந்தப் புழு உள்ள ஆடு கழியாமலே, புழுக்கை உருண்டையாகவே போட்டுக்கொண்டு செத்துப்போகும். அதனால்தான் பலர் புழு என்று சந்தேகிப்பதில்லை.

கண்ணைப் பாருங்கள். பெருவிரலால் கீழ் இமையை இழுத்து உட்பக்க நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் கவனியுங்கள். சிவப்பு, கடும் இளஞ்சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளிறிய இளஞ்சிவப்பும் அதற்குக் கீழும் என்றால் கொடுக்க வேண்டும். காகிதம் மாதிரி வெள்ளை என்றால் அன்றே கால்நடை வைத்தியரிடம். மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லா ஆட்டையும் இப்படிப் பார்த்து, தேவையான ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள்.

அளவைக் கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள். நிறையை அளந்து, அளவை வைத்தியரிடம் கேளுங்கள். ஆட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றும்; போத்தலில் செம்மறிக்கு அச்சிட்ட அளவு ஆட்டுக்குப் பெரும்பாலும் போதாது. அல்பென்டசோல் வகைப் பூச்சி மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக்கூடாது. பால் கறக்கும் ஆடென்றால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தைவிடப் பெரிய வேலை மேய்ச்சலில் இருக்கிறது. புழுக்கையில் வந்த முட்டை சூடும் ஈரமும் உள்ள நிலத்தில் ஒரு கிழமைக்குள் நோய் தரும் புழுக்குஞ்சாகிவிடும். அது ஈரப் புல்லில் ஏறி, பெரும்பாலும் நிலத்திலிருந்து 2 அங்குலத்துக்குள் நிற்கும். ஒரே கட்டையில் நாள்தோறும் கட்டி, புல்லை ஒட்ட மேயவிடும் ஆடு தான் போட்டதையே திரும்பத் தின்கிறது. கட்டும் இடத்தை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றி, பழைய இடத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் போகாமல் இருங்கள். பனி உலரும் முன், காலை 9 மணிக்கு முதல் அவிழ்க்காதீர்கள். அடைமழை நாளில் மேய்ச்சலே வேண்டாம். கொப்பை ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிட்டுத் தின்னக் கொடுங்கள்.

இரவில் அது படுக்கும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும். பரண் போடுங்கள். நிலத்திலிருந்து குறைந்தது 3 அடி. வெள்ளம் ஏறும் பக்கம் என்றால் 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் 1 அடி. தட்டுக்கு 2 அங்குல அகலப் பனஞ்சலாகை, இடைவெளி ஒன்றரை சென்ரிமீற்றர். அதற்குக் குறைந்தால் புழுக்கை விழாமல் அடைத்து, தட்டு எப்போதும் ஈரமாகிவிடும். 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் குட்டியின் கால் இறங்கி முறியும். பெரிய ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 4 முதல் 5. வாடைக்காற்று மழையை வீசுகிற வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் அடைத்து, மற்றப் பக்கங்களில் இடுப்புக்கு மேல் காற்றோட விடுங்கள். நாலு பக்கமும் அடைத்த கொட்டிலில் மூத்திர நெடி தேங்கிச் சளி பிடிக்கும். கீழே விழும் எருவைக் கிழமைக்கு ஒருமுறை வாரினால் மரக்கறித் தோட்டக்காரர் வாங்கிக்கொள்வார்கள்.

பக்கத்தில் அரிசி ஆலை இருப்பதால் தவிடு மலிவு. நலம் எடுத்த (விதை நீக்கிய) கிடாய்க்கு அதைத்தான் கூடுதலாகப் போட்டு வளர்த்தோம். இரண்டு நாள் முக்கி முக்கி நின்று, மூன்றாம் நாள் அமைதியாகி, பிறகு வயிறு ஊதிச் செத்துவிட்டது. மலச்சிக்கல் என்று எண்ணெய் பருக்கினோம்.
வாசகர், சம்மாந்துறை

அது மலச்சிக்கல் அல்ல, மூத்திரக் கல். நெல் விளையும் ஊர்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. தவிட்டில் பொஸ்பரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. மிஞ்சிய பொஸ்பரசு மூத்திரத்தில் மணலாகப் படிந்து, கிடாயின் ஒடுங்கிய குழாயை அடைக்கிறது. மறிக்குக் குழாய் அகலம் என்பதால் அதே தவிட்டைத் தின்றும் தப்பிவிடும். மூன்றாம் நாள் அமைதியானது சுகமானதால் அல்ல. மூத்திரப்பை வெடித்தால் வலி குறைந்ததுபோல் நிற்கும்.

ஆரம்ப அறிகுறி: பின்கால்களை நீட்டி நிற்கும், வாலைத் துடிக்கும், சொட்டுச் சொட்டாக மட்டும் மூத்திரம் போகும். குறியின் நுனி மயிரைத் தடவினால் மணல் நெருடும். அந்த நேரமே வைத்தியரைக் கூப்பிட்டால், பல ஆடுகளில் குறி நுனியிலுள்ள நூல்போன்ற சிறு பகுதியை நறுக்கி அடைப்பை எடுத்துவிடலாம்.

அடுத்த கிடாய்க்கு 10 கிலோ கலவை இப்படிச் செய்யுங்கள்: தவிடு 3 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 3 கிலோ, உடைத்த சோளம் மூன்றரைக் கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் 200 கிராம், தாதுப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். 30 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு 250 முதல் 300 கிராம், இரண்டு வேளையாக. வயிற்றை நிரப்ப வேண்டியது இலைதான். கிளிசரியா, முருங்கை போன்ற இலைகளில் உள்ள கல்சியம் தவிட்டை ஈடுசெய்யும். உப்பு, தண்ணீர் குடிக்கவைக்க. தண்ணீர் நாள் முழுதும் முன்னால் இருக்க வேண்டும். நலம் எடுப்பதையும் மூன்று மாதத்துக்கு முன் செய்யாதீர்கள். மிக இளமையில் எடுத்தால் குழாய் வளராமல் ஒடுங்கியே நின்றுவிடும்.

மாரி முடிந்து வரும் நாட்களில் நல்லாக நின்ற ஆடு திடீரென்று பின்காலை இழுக்கிறது. காய்ச்சல் இல்லை, தீனியும் தின்கிறது. பாம்பு கடித்ததா, வாதமா?
வாசகர், வெல்லாவெளி

மாடும் எருமையும் நிறைந்த உங்கள் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது செற்றேரியா என்ற நூற்புழு. அது மாட்டின் வயிற்றறையில் பெரிய தீங்கில்லாமல் வாழும். அதன் குஞ்சுகளை நுளம்பு மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்து ஆட்டுக்கு ஏற்றும். ஆடு அதற்குப் பழக்கமில்லாத உடல் ஆகையால், புழு வழிதவறி முள்ளந்தண்டு நரம்புக்குள் அலைந்து அதைச் சிதைக்கிறது. மழைக்குப் பின் நுளம்பு பெருகும் காலத்தில் இது வருவதற்குக் காரணம் அதுதான்.

கால் இழுக்கத் தொடங்கிய முதல் நாளே ஊசி போட்டால் எழும்பும் வாய்ப்பு உண்டு. முழுதாய் விழுந்து நாட்கள் கடந்தால் கடினம். வைத்தியர் வரும்வரை நெஞ்சில் படுக்கும்படி இருபக்கமும் சாக்கில் வைக்கோல் அடைத்து முட்டுக்கொடுங்கள். சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்ட வையுங்கள். சினையின் கடைசி மாதத்து மறி இப்படி விழுந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எத்தனை மாதச் சினை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆட்டுப் பரணை மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அந்தியில் வேப்பிலை, நொச்சிப் புகை காற்று வரும் பக்கத்தில் போடுங்கள், குட்டிகளுக்கு மூச்சு முட்டாத தூரத்தில். முடிந்தால் பரணுக்கு நுளம்பு வலை. சென்ற வருடம் வந்த வளவென்றால், மாரிக்கு முன் தடுப்பு மருந்து பற்றி வைத்தியரிடம் பேசுங்கள்.

ஆட்டுப்பால் மணக்கிறது என்று பிள்ளைகள் குடிப்பதில்லை. அதில் எருமைத் தயிர் மாதிரிக் கட்டித் தயிர் போடலாமா?
வாசகி, ஆரையம்பதி

சுத்தமாகக் கறந்து உடனே குளிரவைத்த ஆட்டுப்பால் பெரிதாக மணக்காது. மணம் வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடையுங்கள். பக்கத்தில் கிடாய் நின்றால் அதன் நெடி பாலில் ஏறும், தூரத்தில் கட்டுங்கள். கடும் வாசமுள்ள இலையைக் கறந்த பிறகே கொடுங்கள். மடியை இளஞ்சூட்டு நீரில் கழுவி, தனித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈர மடியில் கறந்தால் அழுக்குத் துளி பாலுக்குள் இறங்கும். முதல் மூன்று நான்கு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரி திரியாகவோ, நீர்த்தோ இருந்தால் மடிநோய் தொடங்குகிறது. அந்தப் பாலைக் குடிக்க எடுக்காதீர்கள். காம்பின் மேல்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இறுக்கி, மற்ற விரல்களை மேலிருந்து கீழாக மூடுங்கள். காம்பை இழுத்தால் உள்ளே புண்படும். வடித்தவுடன் பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் நிற்கும் பாலிலும் குலுக்கிய பாலிலும் கொழுப்பு உடைந்து அந்த மணம் கிளம்பும். குடிக்குமுன் கட்டாயம் காய்ச்சுங்கள். கறந்து முடிந்ததும் ஆட்டுக்குத் தீனி போட்டு அரை மணி நிற்கவையுங்கள். காம்புத் துவாரம் மூடுமுன் படுத்தால் கிருமி ஏறும்.

குட்டிக்குக் குறையாமல் கறக்க, மூன்று நான்கு கிழமையான பின் இரவில் குட்டியைப் பிரித்து, காலையில் கறந்துவிட்டுப் பகலில் தாயோடு விடுங்கள்.

எருமைத் தயிரின் கட்டி இதில் வராது. ஆட்டுப்பாலின் புரதம் மென்மையாகத்தான் உறையும். ஐந்தில் ஒரு பங்கு வற்றும்வரை மெல்லிய தணலில் காய்ச்சி உறை ஊற்றினால் கரண்டியில் எடுக்கும் அளவுக்கு வரும். மாப்பொருட்களைச் சேர்த்துக் கட்டியாக்க வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யா (குர்பான்) ஆடு வளர்த்து விற்க விருப்பம். எந்த வயதில் வாங்க வேண்டும்? வாங்க வருபவர் கண்மதிப்பில் விலை சொல்லும்போது எப்படி ஈடுகொடுப்பது?
வாசகர், நிந்தவூர்

ஷாபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்) வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பல்லைப் பாருங்கள்: முன்கீழ்ப் பாற்பற்கள் விழுந்து இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்று, ஒன்றரை வயது, நான்கு பெரிய பல் என்றால் இரண்டு வயது அளவு. பிறந்த திகதியை எழுதி வைத்த வீட்டில் வாங்குவது அதைவிட உறுதி. பெருநாள் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே வருவதால், அந்தத் திகதியிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணி வாங்குங்கள். முதல் மூன்று கிழமை மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். குருடு, நொண்டி, மிக மெலிவு, நோய் உள்ளவை உழ்ஹிய்யாவுக்குத் தகாது. அடையாளத்துக்காகக் காதில் துண்டு வெட்டாதீர்கள், அதுவும் குறையாகும். கழுத்துக் கயிற்றில் இலக்கத் தகடு போதும்.

நிறைக்குத் தையல்காரரின் அளவுநாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,838 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 65, நீளம் 60 என்றால் 23 கிலோவுக்குச் சற்று மேல். காலையில் தீனிக்கு முன் அளங்கள். உரித்தால் இறைச்சியும் எலும்புமாக உயிர்நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் கண்மதிப்பு விலைக்கு இறங்க வேண்டியதில்லை. வேறு பிரதேசத்துக்கு ஏற்றுவதானால், ஏற்றும் முன் உங்கள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தேவையான பத்திரங்களைக் கேட்டுப் பெறுங்கள்.

ஈன்ற தாய் செத்துவிட்டது. 2 கிலோக் குட்டிக்குத் தண்ணீர் கலந்த பசுப்பால் கொடுக்கலாமா?
வாசகி, திருக்கோவில்

பசுப்பால் கொடுக்கலாம், தண்ணீர் கலக்க வேண்டாம். அதற்கு முன் கடும்புப்பால், அதாவது ஈன்றவுடன் சுரக்கும் முதல் பால். அயலில் ஈன்ற ஆட்டிடமோ பசுவிடமோ வாங்கி, பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளுக்குள் குறைந்தது 200 மில்லிலீற்றர் உள்ளே போக வேண்டும். தொப்புள்கொடியை அயடினில் தோயுங்கள். அதன் பின் நாளுக்கு 300 மில்லிலீற்றர், நான்கு ஐந்து வேளையாக, உடற்சூட்டில். குட்டி வளர வளர அளவைக் கூட்டுங்கள். குட்டியை நிற்கவைத்து, கழுத்து மேல்நோக்கி நீளும்படி போத்தலைப் பிடியுங்கள். மல்லாத்திப் பருக்கினால் பால் நுரையீரலுக்குப் போகும். இரண்டு கிழமையில் இளம் இலையைக் கண்ணில் படும்படி கட்டுங்கள். மூன்று மாதத்தில் பாலை நிறுத்தலாம்.

அறுவடை நேரம் ஆடு நெற்குவியலில் புகுந்து வயிறு முட்டத் தின்றுவிட்டால்?
வாசகர், அக்கரைப்பற்று

வயிறு ஊதும்வரை காத்திருக்காதீர்கள். தானியம் இரைப்பையில் புளித்து அமிலமாகி, ஓரிரு நாளில் கொன்றுவிடும். கண்டவுடன் நெல்லிலிருந்து விலக்கி, 30 கிலோ ஆட்டுக்கு 30 கிராம் அப்பச்சோடாவை அரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்காமல் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். இருமினால் நிறுத்துங்கள். அன்றும் மறுநாளும் வைக்கோல் மட்டும். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க விடாமல் சிறிது சிறிதாக வையுங்கள். மெல்ல நடத்துங்கள். பல் நெருமினாலோ, தள்ளாடினாலோ, புளித்த மணத்தோடு கழிந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அறுவடை முடியும்வரை ஆட்டைக் கட்டிப்போட்டே வளருங்கள்.